25 பிபிஎம்மில் ஒலிக்கும் அலாரம் யாருக்காக? வாயுக் கசிவு சென்சார்களின் அளவு நிர்ணயமும் பராமரிப்பும்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிய நேரத்தில், எண்ணூரில் கப்பலிலிருந்து உர ஆலைக்குத் திரவ அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் உள்ளிட்ட மீனவக் குடியிருப்புகளில் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் தாங்காமல் உறக்கத்திலிருந்து எழுந்து வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாயிலில் காற்றில் இருந்த அம்மோனியாவின் அளவு கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் என்றும், இருக்க வேண்டிய அளவு 400 மைக்ரோகிராம் என்றும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது.

இதே அம்மோனியாவைப் பயன்படுத்தும் ஐஸ் ஆலைக்கோ மீன் பதப்படுத்தும் கூடத்துக்கோ போனால், சுவரில் நிலையாகப் பொருத்தப்பட்ட கேஸ் டிடெக்டரின் முதல் அலாரம் 25 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு வாயு, என்று குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 2090 என்ற எண்ணையும் 25 என்ற எண்ணையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, ஆலை வாயிலில் அலாரம் அளவைப் பல மடங்கு தாண்டிய வாயு இருந்ததாகவே தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. அறை வெப்பநிலையில் ஒரு பிபிஎம் அம்மோனியா என்பது கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 மைக்ரோகிராம். ஆகவே 2090 மைக்ரோகிராம் என்பது வெறும் 3 பிபிஎம். அந்த நேரத்தில் அந்த வாயிலில் 25 பிபிஎம்முக்கு அமைக்கப்பட்ட டிடெக்டர் ஒன்று இருந்திருந்தால், அது முற்றிலும் சரியாக இயங்கியபடியே அமைதியாக இருந்திருக்கும். கசிவின் உச்சம் இதைவிட மிகுந்திருக்கக்கூடும், ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் எடுத்த அளவீடு உச்சத்தைக் காட்டாது என்பது உண்மைதான். ஆனால் ஊரை எச்சரிப்பதும் ஆலையை எச்சரிப்பதும் ஒரே எண்ணால் நடக்கும் காரியமல்ல என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெளிவாகிறது.

அளவுகளின் மூன்று மொழிகள்

காற்றில் கலந்த வாயுவைச் சொல்லும் அளவைகள் மூன்று. அவற்றைக் குழப்பிக்கொண்டால் அதற்குப் பின் வரும் எதுவும் புரியாது.

1. பிபிஎம்: பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு வாயு என்பது. நச்சு வாயுக்களுக்கான டிடெக்டர்கள் இந்த மொழியில்தான் பேசுகின்றன.

2. கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம்: எடைக்கணக்கு. சுற்றுச்சூழல் தரங்கள் இதில் எழுதப்படுகின்றன. அம்மோனியாவுக்கான 400 மைக்ரோகிராம் என்பது 2009-இல் வெளியான தேசியக் காற்றுத்தர வரையறையில் உள்ள 24 மணி நேரச் சராசரி, சுமார் 0.6 பிபிஎம்.

3. கீழ் வெடிப்பெல்லையின் விழுக்காடு: எரியும் வாயு காற்றில் குறைந்தது எவ்வளவு கலந்தால் தீப்பற்றும் என்பதே கீழ் வெடிப்பெல்லை, ஆலைகளில் எல்இஎல் என்றே சொல்வார்கள். ஹைட்ரஜனுக்கு அது காற்றின் கன அளவில் 4 விழுக்காடு, அம்மோனியாவுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு. டிடெக்டரின் திரையில் 20 என்று தெரிந்தால், காற்றில் 20 விழுக்காடு வாயு இருக்கிறது என்று பொருளல்ல. தீப்பற்றும் எல்லையில் ஐந்தில் ஒரு பங்கை எட்டியிருக்கிறது என்றே பொருள்.

மூன்றாவது அளவையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மீத்தேனின் கீழ் வெடிப்பெல்லையைப் பழைய நூல்களும் அமெரிக்க வழக்கமும் 5 விழுக்காடு என்கின்றன; சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநூல் 4.4 விழுக்காடு என்கிறது. இதனால், 2.2 விழுக்காடு மீத்தேன் அடைத்த ஒரே சோதனை சிலிண்டரை ஒரு கருவி 50 என்றும் இன்னொரு கருவி 44 என்றும் வாசிக்கும், இரண்டுமே சரியாக இருக்கும். எந்த அடிப்படையில் அளவு அமைக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதிவைக்காத ஆலையில் இது ஆண்டுக்கணக்கில் தீராத வழக்காகிவிடும்.

அம்மோனியாவைப் பொறுத்தவரை இந்த மூன்று மொழிகளுக்கிடையே உள்ள தொலைவு பயமுறுத்துவது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் குறித்திருக்கும் அளவு 300 பிபிஎம். கீழ் வெடிப்பெல்லையில் 10 விழுக்காடு என்பதோ 15,000 பிபிஎம். எரியும் வாயுவுக்கான டிடெக்டரை மாட்டி, அதன் வழக்கமான 10 விழுக்காட்டு அலாரத்தை நம்பி அம்மோனியா அறைக்குள் வேலை செய்பவர், உயிராபத்து அளவைப்போல் 50 மடங்கு வரும்வரை எச்சரிக்கை எதையும் கேட்கமாட்டார். வெடிப்பைத் தடுப்பதும் மனிதரைக் காப்பதும் இரு வேறு வேலைகள். அவற்றுக்கு இரு வேறு சென்சார்கள் வேண்டும்.

கருவிக்குள் என்ன நடக்கிறது

நிலையாகப் பொருத்தப்படும் டிடெக்டர்களில் பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கும். ஒவ்வொன்றும் எப்படி அளக்கிறது என்பதைவிட, ஒவ்வொன்றும் எப்படிச் செத்துப்போகிறது என்பதே பராமரிப்பவருக்கு முக்கியம்.

முதலாவது, வினையூக்கி மணி. பெல்லிஸ்டர் என்றும் சொல்வார்கள். மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளின்மேல் பீங்கான் போன்ற மணி உருட்டப்பட்டு, அதன்மேல் பல்லேடியம் போன்ற வினையூக்கி பூசப்பட்டிருக்கும். மின்சாரத்தால் அந்த மணி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்படுகிறது. எரியும் வாயு அதைத் தொட்டதும் சுடரின்றி எரிகிறது. மணியின் வெப்பமும் அதனால் கம்பியின் மின்தடையும் உயர்கின்றன. வினையூக்கி பூசாத இன்னொரு மணியோடு ஒப்பிட்டு அந்த வேறுபாடு அளக்கப்படுகிறது. எளிமையான, உறுதியான அமைப்பு. ஆனால் சிலிக்கோன் ஆவி பட்டால் வினையூக்கி நஞ்சாகிவிடும். கதவு இடுக்கை அடைக்கும் பசை, வால்வுக்குத் தடவும் கிரீஸ், சில வகை பாலிஷ் என்று சிலிக்கோன் இல்லாத பராமரிப்புப் பட்டறையே கிடையாது. நஞ்சான மணி எரியாது, சூடேறாது, ஆகவே திரையில் பூஜ்யம் காட்டும். வாயுவே இல்லாத அறையிலும் அதே பூஜ்யம்தான். மின்சுற்று முழுமையாக இருப்பதால் பழுது விளக்கும் எரியாது.

இதே மணிக்கு எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய கலத்துக்குள் வாயு எவ்வளவு இருந்தாலும் இது குறைத்தே சொல்லும். மேல் வெடிப்பெல்லையையும், அதாவது தீப்பற்ற முடியாதபடி வாயு மிகுந்துவிடும் எல்லையையும், தாண்டி வாயு அடர்ந்துவிட்டால் ஆக்சிஜன் போதாமல் வாசிப்பு ஏறி, பிறகு இறங்கிவிடும். எனவே சட்டென உச்சத்துக்குப் போய்ச் சரிந்த வாசிப்பைக் கண்டு வாயு கலைந்துவிட்டதாக நினைத்து உள்ளே நுழைவது மரணத்தில் முடியலாம். நல்ல கட்டுப்பாட்டுப் பேனல்கள் உச்ச வாசிப்பைப் பூட்டிவைப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, அகச்சிவப்பு டிடெக்டர். ஹைட்ரோகார்பன்கள் 3.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை உறிஞ்சிக்கொள்வதைப் பயன்படுத்துகிறது. நஞ்சாவதில்லை, ஆக்சிஜன் தேவையில்லை, கண்ணாடியில் அழுக்குப் படிந்தால் தானே பழுது என்று சொல்லும். ஹைட்ரஜன் மட்டும் இதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவது, மின்வேதி சென்சார். அம்மோனியா, குளோரின், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களுக்குப் பெரும்பாலும் இதுவே. சிறு பேட்டரி போன்றது: வாயு ஒரு சவ்வின் வழியாக நுழைந்து மின்முனையில் வினைபுரிகிறது, வினைக்கேற்ப மின்னோட்டம் எழுகிறது. வாயு இல்லையென்றால் மின்னோட்டமும் கிட்டத்தட்ட இல்லை. உள்ளிருக்கும் மின்பகு திரவம் கடும் வெயிலில் வற்றிப்போனாலும் மின்னோட்டம் இல்லை. மறுபடியும் அதே பூஜ்யம்.

அம்மோனியா சென்சாருக்கு இன்னொரு குறையும் உண்டு. இவற்றில் சில வகைகள் வாயுவை அளக்கும்போதே உள்ளிருக்கும் வேதிப்பொருளைச் செலவழிக்கின்றன. ஆயுள் மாதக்கணக்கில் அல்ல, பட்ட வாயுவின் மொத்த அளவில் கணக்கிடப்படுகிறது. ஒரே ஒரு பெரிய கசிவு, இரண்டாண்டு உழைக்க வேண்டிய சென்சாரை ஓரிரவில் தீர்த்துவிடலாம். கசிவு நடந்து, அலாரம் சரியாக ஒலித்து, எல்லாரும் காப்பாற்றப்பட்ட ஆலையில்தான் மறுநாள் காலை அந்தச் சென்சாரை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கம்பியில் வரும் 4 முதல் 20 வரை

டிடெக்டர் அளந்ததைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் வழக்கமான முறை மின்னோட்டம்தான். 4 மில்லி ஆம்பியர் என்றால் பூஜ்யம், 20 மில்லி ஆம்பியர் என்றால் அளவுகோலின் உச்சம். பூஜ்யத்தைப் பூஜ்ய மின்னோட்டமாக வைக்காமல் 4-இல் தொடங்குவதற்குக் காரணம், கம்பி அறுந்தால் மின்னோட்டம் இல்லாமல் போவதை வேறாக அடையாளம் காண்பதற்கே. 4-க்கும் கீழான சில மதிப்புகளைத் தயாரிப்பாளர்கள் பழுது, பராமரிப்பு நிலை என்று ஒதுக்கிவைப்பதும் உண்டு. இந்த ஏற்பாடு கம்பியின் உயிரைக் காட்டுமே ஒழிய, நஞ்சான மணியின் சாவைக் காட்டாது.

நிறுவும் நாளில் நேரும் ஒரு பிழை இங்கே விரிவாகச் சொல்லத்தக்கது. டிடெக்டரின் அளவுகோல் 0 முதல் 500 பிபிஎம் வரை. கட்டுப்பாட்டுப் பேனலிலோ யாரோ 0 முதல் 100 என்று பதிந்துவிட்டார்கள் என்று கொள்வோம். 25 பிபிஎம் அலாரத்தைப் பேனல் 8 மில்லி ஆம்பியர் என்று புரிந்துகொள்ளும். ஆனால் 500 அளவுகோல் கொண்ட டிடெக்டர் 25 பிபிஎம் வாயுவுக்கு அனுப்புவது 4.8 மில்லி ஆம்பியர் மட்டுமே. அது 8-ஐ எட்ட 125 பிபிஎம் வேண்டும். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அலாரம் ஐந்து மடங்கு தாமதமாக வரும். களத்தில் உள்ள சென்சாருக்கு உண்மையான வாயுவைக் காட்டி, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் படிக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் ஒழிய இந்தப் பிழை வெளிவராது. டிடெக்டரின் சொந்தத் திரையை மட்டும் பார்த்துச் சான்றிதழ் எழுதும் ஒப்பந்ததாரர்கள் இதைத் தவறவிடுவதில் வியப்பில்லை.

அலாரம் அளவை எப்படித் தீர்மானிப்பது

அலாரத்தின் எண், தயாரிப்பாளர் தொழிற்சாலையில் வைத்து அனுப்பியது என்பதற்காகவே அப்படியே விடப்படுவது பரவலான பழக்கம். அந்த எண் உண்மையில் நான்கு கேள்விகளுக்கான விடையாக இருக்க வேண்டும்.

1. யாரைக் காக்க? போபாலுக்குப் பின், 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை ஒன்று சேர்க்கப்பட்டது. அம்மோனியாவுக்கு அது வகுத்த எட்டு மணி நேரச் சராசரி 25 பிபிஎம், 15 நிமிடக் குறுகிய கால அளவு 35 பிபிஎம். ஹைட்ரஜன் சல்பைடுக்கு முறையே 10, 15. இவை உடல்நலமுள்ள, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் தொழிலாளரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா நோயாளிகள் 24 மணி நேரமும் சுவாசிக்கும் ஊருக்கு இந்த எண் பொருந்தாது.

2. எவ்வளவு நேரம் இருக்கிறது? வாயு சென்சாரை எட்டிய பிறகும், உண்மை அளவில் 90 விழுக்காட்டை அது காட்டுவதற்கு நேரம் பிடிக்கும். மின்வேதி சென்சாருக்கு அது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், சிலவற்றுக்கு அதற்கு மேலும். பொய் அலாரத்தைத் தவிர்க்கப் பேனலில் சேர்க்கும் தாமதம், மனிதர் புரிந்துகொள்ள எடுக்கும் நேரம், முகமூடியை எடுத்து அணியும் நேரம் எல்லாம் இதோடு சேரும். உயிராபத்து அளவிலிருந்து பின்னோக்கி இவற்றைக் கழித்து வருவதே அலாரத்தின் எண்.

3. கருவியால் அந்த எண்ணை நம்பகமாக அளக்க முடியுமா? 0 முதல் 100 பிபிஎம் அளவுகோல் கொண்ட சென்சாரில் 2 பிபிஎம்முக்கு அலாரம் வைத்தால், வெப்பமும் ஈரப்பதமும் மாறும்போதெல்லாம் அது ஒலிக்கும். மிகத் தாழ்வாக வைத்த அலாரம் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. ஒரு வாரம் வீணாக ஒலித்த அலாரத்துக்குப் பிறகு எவரும் ஓடுவதில்லை.

4. ஒலித்த பிறகு என்ன செய்யப் போகிறோம்? வெவ்வேறு செயலுக்கு வெவ்வேறு அளவு வேண்டும்.

நான்காவது கேள்விக்கு அம்மோனியா குளிர்பதனத் துறையிடம் தெளிவான விடை இருக்கிறது. இயந்திர அறைக்கு சர்வதேச அம்மோனியா குளிர்பதன நிறுவனத்தின் வடிவமைப்புத் தரம் மூன்று படிகளை வைக்கிறது: 25 பிபிஎம்மில் ஒலியும் ஒளியுமாக எச்சரிக்கை, 150 பிபிஎம்மில் அவசரக் காற்றோட்ட விசிறிகள் தாமாக இயங்குதல், 40,000 பிபிஎம்மில், அதாவது தீப்பற்றும் எல்லையின் கால் பங்கை ஒட்டிய அளவில், அறையின் இயந்திரங்களுக்கு மின்சாரம் துண்டிப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் ஒரு செயல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 25 முதல் 40,000 வரையான இந்தப் பரப்பை ஒரே சென்சார் அளக்காது என்பதும் இதிலிருந்தே தெரியும். கீழ்ப்படிகளுக்கு மின்வேதி சென்சாரும் மேல்படிக்கு வினையூக்கி மணியும் என்று பிரித்துத்தான் மாட்ட வேண்டும்.

எரியும் வாயுக்களுக்குக் கீழ் வெடிப்பெல்லையில் 10 அல்லது 20 விழுக்காட்டில் முதல் அலாரமும், 40 விழுக்காட்டை ஒட்டி இரண்டாவது அலாரமும் வைப்பது வழக்கம். முதலாவதற்கு ஒரு டிடெக்டர் சொன்னால் போதும். இரண்டாவது ஆலையையே நிறுத்தக்கூடியது என்பதால், ஒரே பகுதியில் உள்ள மூன்று டிடெக்டர்களில் இரண்டு ஒத்துச் சொன்னால்தான் நிறுத்தம் என்று அமைப்பார்கள். மீத்தேனைக் கொண்டு அளவு சரிசெய்த வினையூக்கி மணி, பென்டேன் போன்ற கனமான ஆவியை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் திரையின் 20 என்பது உண்மையில் 40.

எண்ணைத் தவறாக வைத்ததன் விலையைக் காட்ட அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 2014 நவம்பர் 15 அன்று லா போர்ட் நகரத்துப் பூச்சிக்கொல்லி ஆலையில் மெத்தில் மெர்காப்டன் என்ற நச்சு வாயு கசிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆலையின் டிடெக்டர் அலாரங்கள் பாதுகாப்பான சுவாச அளவைவிட உயரமாக வைக்கப்பட்டிருந்ததை அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை சுட்டிக்காட்டியது. அந்த வாயுவின் நாற்றத்துக்கு அங்கிருந்தவர்கள் பழகிப்போயிருந்தார்கள் என்பதும் அதில் பதிவாகியது. சாக்கடைக் குழிகளில் உயிர்குடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடோ இன்னும் கொடியது: 100 பிபிஎம்மை ஒட்டி அது மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடுவதால், நாற்றம் நின்றுபோவது ஆபத்து முற்றியதன் அறிகுறி.

எங்கே மாட்டுவது

கனமான வாயுவுக்குத் தரையருகே, இலேசான வாயுவுக்குக் கூரையருகே என்பது பாடநூல் விதி. சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மீத்தேன் காற்றில் பாதியளவு எடை. அம்மோனியாவும் காற்றைவிட இலேசு என்பதால் கூரையருகே மாட்டுவது பொதுவாகச் சரி. ஆனால் அழுத்தத்தில் உள்ள திரவ அம்மோனியா குழாயிலிருந்து பீறிடும்போது, நுண்துளிகளோடு கூடிய குளிர்ந்த மேகமாகி, காற்றைவிடக் கனமாகத் தரையோடு தவழ்ந்து செல்லும். வெயிலில் வெப்பமேறிய பிறகே அது எழும்பும். எனவே திரவம் வெளிப்படக்கூடிய பம்ப், வால்வு, இறக்குமுனை ஆகிய இடங்களில் தாழ்வாகவும் டிடெக்டர் வேண்டும்.

பராமரிப்பு: எதைச் சோதிக்கிறோம் என்று தெரிந்து சோதித்தல்

இரண்டு வேலைகளை ஒன்றாக எண்ணுவது வழக்கமாகிவிட்டது. பம்ப் டெஸ்ட் (bump test) என்பது சிறிதளவு வாயுவைக் காட்டி, சென்சார் உணர்கிறதா, அலாரம் ஒலிக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. எண் துல்லியமா என்று அது சொல்லாது. காலிபரேஷன் என்பது அளவறிந்த வாயுவைச் செலுத்திக் கருவியின் எண்ணைத் திருத்துவது. தயாரிப்பாளர்கள் காலிபரேஷனுக்குப் பொதுவாக 3 முதல் 6 மாத இடைவெளியைச் சொல்கிறார்கள். இடையிடையே பம்ப் டெஸ்ட் செய்யலாம். முன்பு பார்த்த பூஜ்யங்கள், அதாவது நஞ்சான மணியின் பூஜ்யமும் வற்றிய சென்சாரின் பூஜ்யமும், உண்மையான பூஜ்யத்திலிருந்து பிரிவது இந்த இரண்டில் ஒன்றைச் செய்யும்போது மட்டுமே.

காலிபரேஷனின் படிகள் எளியவை. வரிசை மாறினால் பயனற்றவை.

1. கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, அந்த டிடெக்டரின் செயல்களை மட்டும் இன்ஹிபிட் நிலையில், அதாவது தற்காலிகமாக முடக்கி, வைத்தல்.

2. எதையும் தொடாமல் சோதனை வாயுவைச் செலுத்தி, கருவி என்ன காட்டுகிறது என்று எழுதுதல்.

3. சுத்தமான காற்றைச் செலுத்திப் பூஜ்யத்தைச் சரிசெய்தல்.

4. சோதனை வாயுவைச் செலுத்தி, வாசிப்பு நிலைத்த பிறகு உயர் எண்ணைச் சரிசெய்தல்.

5. வாயு முழுதும் வெளியேறி வாசிப்பு இறங்கிய பிறகு இன்ஹிபிட்டை நீக்கி, நீக்கியதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் தம் திரையில் பார்த்து உறுதிசெய்தல்.

இவற்றில் அடிக்கடி விடப்படுவது இரண்டாவது படி. என் கணிப்பில் எல்லாவற்றிலும் பயனுள்ளதும் அதுவே. 50 பிபிஎம் வாயுவுக்குக் கருவி 30 என்று காட்டியிருந்தால், 25 பிபிஎம் அலாரம் இத்தனை நாளும் உண்மையில் 42 பிபிஎம்மை ஒட்டித்தான் ஒலித்திருக்கும். திருத்திய பிறகு ‘50, சரி’ என்று மட்டும் எழுதினால் அந்தச் செய்தி அழிந்துபோகிறது. திருத்துமுன் கிடைத்த எண்கள் தொடர்ந்து நெருக்கமாக இருந்தால் இடைவெளியை நீட்டலாம்; விலகிக்கொண்டே போனால் குறைக்க வேண்டும் அல்லது சென்சாரை மாற்ற வேண்டும். பதிவேட்டின் எல்லாப் பக்கத்திலும் திருத்துமுன் எண்ணும் திருத்திய எண்ணும் ஒன்றாகவே இருந்தால், சோதனையே நடந்ததா என்று கேட்பதில் தவறில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் நேரும் பிழைகள் சில:

பூஜ்யத்தைச் சுற்றுப்புறக் காற்றிலேயே சரிசெய்வது. அறையில் ஏற்கெனவே 8 பிபிஎம் அம்மோனியா இருந்தால், கருவி அதைப் பூஜ்யம் என்று கற்றுக்கொண்டு அதற்குப் பின் எப்போதும் குறைத்தே காட்டும். பழைய ஐஸ் ஆலைகளில் வாசனையே இல்லாத நாள் அரிது என்பதால், சிலிண்டர் காற்றைப் பயன்படுத்துவது அங்கே விருப்பத்துக்கு விடக்கூடியதல்ல.

அம்மோனியா, குளோரின் போன்றவற்றைச் சாதாரண ரப்பர்க் குழாயில் செலுத்துவது. வாயுவின் ஒரு பகுதி குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சென்சாரை அடைவது குறையும். கருவி குறைத்துக் காட்டுவதாக நினைத்துத் தொழில்நுட்பர் எண்ணை உயர்த்துவார். காலாவதியான சிலிண்டரில் வாயுவின் அளவு சிதைந்திருந்தாலும் இதே கதைதான். விளைவாகக் கருவி மிகைப்படுத்திக் காட்டி அடிக்கடி ஒலிக்கும். டெஃப்ளான் குழாயும் துருப்பிடிக்காத எஃகு ரெகுலேட்டரும் சற்று விலை கூடியவை என்பதால் இந்தப் பிழை தொடர்கிறது. வினையூக்கி மணிக்கு நைட்ரஜனில் கலந்த வாயுவைப் பயன்படுத்துவதும் தவறு. காற்றில் கலந்ததே வேண்டும்.

கடற்கரையோர ஆலைகளில் சென்சாரின் முகப்பு வடிகட்டியில் உப்பும் தூசும் படிந்து துளைகள் அடைபடுவது. வடிகட்டி அடைபட்டால் எண் மாறாமலேயே வேகம் குறையும். ஆகவே சோதனையின்போது வாசிப்பு ஏற எத்தனை வினாடி பிடித்தது என்பதையும் எழுத வேண்டும். வண்ணம் பூசுபவர்கள் முகப்பின்மேலேயே பெயிண்ட் அடித்துவிடுவதும், மழைக்கு முன் கட்டிய பாலித்தீன் பை மழைக்குப் பின்னும் கழற்றப்படாமல் இருப்பதும் நகைப்புக்குரியவையாகத் தோன்றலாம். ஆலைகளைச் சுற்றி வருபவர்களுக்கு இவை பழகிய காட்சிகள். வெளியே வெப்பமும் ஈரமும், உள்ளே உறைகுளிர் என்றுள்ள குளிர்பதனக் கிடங்கின் வாசலில் நீர் திவலைகள் படிவதால் சென்சார் திடீரெனக் குதித்துக் காட்டுவதும் உண்டு. இடத்தைச் சற்று மாற்றினால் தீரும் அந்தத் தொல்லைக்கு, அலாரத்தின் எண்ணை உயர்த்துவது தீர்வாகாது.

அணைத்துவைக்கப்பட்ட அலாரமும் ஊருக்குக் கேட்காத சங்கும்

இன்ஹிபிட் வசதி பராமரிப்பின் சில நிமிடங்களுக்கானது. அது மாதக்கணக்கில் நீடிக்கும்போது சென்சார் இருந்தும் இல்லாததாகிறது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் 11 பேர் உயிரிழந்த டீப்வாட்டர் ஹொரைசன் கடல்துளை மேடையில், நள்ளிரவில் பொய் அலாரம் ஒலித்து உறங்குபவர்களை எழுப்பக்கூடாது என்பதற்காகப் பொது அலாரம் தானாக ஒலிக்காதபடி இன்ஹிபிட் செய்யப்பட்டிருந்தது என்று அதன் தலைமை மின்னணுத் தொழில்நுட்பர் விசாரணையில் சாட்சியம் அளித்தார். டிடெக்டர்கள் வாயுவை உணர்வதும் மேடை முழுதும் எச்சரிக்கை ஒலிப்பதும் அங்கே தனித்தனிச் செயல்களாகிவிட்டன. அப்படிப்பட்ட முடிவை யாரும் கேடு எண்ணி எடுப்பதில்லை. பொய் அலாரங்களின் களைப்பிலிருந்து அது பிறக்கிறது. ஆகவே இன்ஹிபிட் செய்யப்பட்டிருக்கும் டிடெக்டர்களின் பட்டியல் ஒவ்வொரு ஷிப்ட் மாற்றத்திலும் கைமாற வேண்டிய முதல் தாளாக இருக்க வேண்டும்.

அடுத்த இடைவெளி ஆலைக்கும் ஊருக்கும் இடையே. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் ஆவி வெளியேறியபோது, ஆலையில் அவசரச் சங்கை இயக்கும் 36 இடங்கள் இருந்தும் சங்கு ஒலிக்கவில்லை என்று ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு கண்டறிந்தது. டிடெக்டர் உணர்ந்தால் சங்கு தானாக ஒலிக்குமா, அல்லது ஒரு மனிதர் பொத்தானை அழுத்த வேண்டுமா, அழுத்த யாருக்கு அதிகாரம் என்பவை சென்சாரின் தரத்தைப் போலவே முன்கூட்டி எழுதப்பட வேண்டியவை.

எண்ணூருக்குத் திரும்பினால், ஊருக்கான எச்சரிக்கைக்கு வேலியோரத்தில் தனிக் கருவிகள் தேவைப்படும். ஆலைக்குள் மாட்டும் 0 முதல் 100 பிபிஎம் மின்வேதி சென்சார் 1 பிபிஎம்மை நம்பகமாகச் சொல்லாது. நூறு மீட்டர்களுக்கு மேல் ஒளிக்கற்றையைச் செலுத்தி, இடைப்பட்ட காற்றில் உள்ள அம்மோனியாவை அளக்கும் லேசர் அல்லது புறஊதாக் கருவிகளால் அது முடியும். அவற்றின் விலை சாதாரண டிடெக்டரைப்போல் பல மடங்கு. அவற்றுக்கான அலாரம் எண்ணைத் தொழிலாளர் அளவிலிருந்து எடுக்கக்கூடாது. 24 மணி நேரச் சராசரியான 400 மைக்ரோகிராமை அப்படியே நொடிக்கு நொடி அலாரமாக்குவதும் பொருந்தாது, ஏனென்றால் சாக்கடையும் மாட்டுக்கொட்டிலும்கூடச் சிறிது நேரத்துக்கு அந்த அளவைத் தாண்ட வைக்கும். சில நிமிடச் சராசரிக்கு ஒரு தனி எண்ணை வகுத்து, அந்த எண்ணில் யாருடைய கைபேசிக்கு முதல் அழைப்பு போகும், எந்தத் தெருவில் எந்தச் சங்கு ஒலிக்கும், காற்று எந்தத் திசையில் அடித்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைக் குடியிருப்பவர்களோடு சேர்ந்து எழுதி, நள்ளிரவில் ஒருமுறையாவது ஒத்திகை பார்த்த பிறகே அந்தக் கருவியை இயக்கத்துக்குக் கொண்டுவர முடியும்.